மூன்றாம் அறையின் குழாய்

மாமாங்கத்தில் வேலை சுலபம்.
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி
மொட்டைமாடிக் கண்ணாடிக் குழல்களில்
திருநீறு மாதிரி படிந்திருக்கும்.
ஈரத்துணியால் ஓர் இழுப்பு,
சாயங்காலத்துக்குள் நாலு டிகிரி ஏறிவிடும்.
அம்மாபேட்டை என்றால் போர் தண்ணீர்.
தொட்டிக்குள் உப்பு
உடைத்த முட்டை ஓடாய் ஒட்டியிருக்கும்.
சுரண்டி, அலசி, ரசீது எழுதிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம்.

மலை வேறு.
இருபது கொண்டை ஊசி தாண்டி
பெலவேந்திரன் லாட்ஜ்.
'தண்ணி சுடவே இல்ல, ஆறு ரூமும் திட்டுது.
இன்னொரு தொட்டி போட்டுரலாமா?'
ஜெர்கினிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

சூரியனைக் குறை சொல்லும் முன்
நான் சுவரைப் பார்க்கிறவன்.

சட்டத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.
மார்கழி வெயில் தெற்கே தாழ்ந்துதான் வரும்,
நாம்தான் முகம் கொடுக்க வேண்டும்.
மூன்று மணிக்கே நிழல் போடும்
சில்வர் ஓக்கில் ஒரே ஒரு கிளை,
மிளகுக்கொடியைத் தொடாமல் வெட்டச் சொன்னேன்.
அன்றிரவு அங்கேயே படுத்து
விடிவதற்கு முன் தெர்மாமீட்டரோடு மாடி ஏறினேன்.
தொட்டியில் ஐம்பத்து நாலு.
கீழே முதல் அறையில்
பத்தொன்பது.
இருபத்தொன்று.
இருபத்தாறு.
ஒரு வாளி நிரம்பி வழிந்த பிறகுதான்
நாற்பத்தொன்று.

நடுவே இருபத்து நாலு மீட்டர்
வெற்று இரும்புக் குழாய்.
பனிக்குள் சட்டையில்லாமல் போய்
பகலெல்லாம் சேர்த்ததை
வழியெல்லாம் மலைக்குக் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறது.

வளைவுகளைக் குறைத்தேன். நீளத்தை வெட்டினேன்.
கறுப்பு நுரை உறையை முழங்கை முழங்கையாக மாட்டி
மூட்டுகளில் டேப் சுற்றினேன்.
நோட்டில் 'நட்டம்' என்ற பத்தியில்
'ஆறு அறை, ஆறு வாளி' என்று எழுதியிருந்தேன்.
அதை அடித்துவிட்டு
பக்கத்தில் சுழியம் போட்டபோது
கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதிக்கப் போனேன்.
அரை மக்கிலேயே சுட்டது.
பெலவேந்திரன் தன் கையால் காப்பி போட்டார்,
சர்க்கரை அதிகம்.

லாட்ஜுக்குப் பின்னால்
குளியலறைக் கால்வாய் முடிகிற இடத்தில்
ஒரு சௌசௌ பந்தல்.
இலைகள் ஓரம் கருகி, காகிதமாய்.
அறை கூட்டும் சடையம்மாள்
பிஞ்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'காலைல சுடுதண்ணி வர்ற வரைக்கும்
தொறந்து விடுவாங்கல்ல,
சோப்பு படாத தண்ணி.
இப்ப வர்றதில்ல'
என்றாள்.
மழை வரவில்லை என்பதைப் போல.
என்னைச் சொல்லவில்லை.
லாரித் தண்ணீர் ஒரு குடம் என்ன விலை என்று
அவளிடம் நான் கேட்கவும் இல்லை.

நோட்டைத் திறந்தேன்.
'நட்டம்' அப்படியே இருந்தது,
என் கையெழுத்தில்.

டேப்பைப் பிரிப்பது சுற்றுவதைவிடச் சிரமம்.
பசை நகத்துக்குள் போகிறது.
பழைய இரும்புத் துண்டுகள்
ஜெனரேட்டர் ஷெட்டில்தான் கிடந்தன.

'மூன்றாம் அறை:
குழாய் பாறையைச் சுற்றி ஓடுகிறது.
உறை போட வழியில்லை.'
பாறையெல்லாம் ஒன்றும் இல்லை.
பெலவேந்திரன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பதினோராவது வளைவில் காது அடைத்தது.
நாளைக்கு ஒரு வாளி.
ஒரு கொடிக்குப் போதுமா,
பந்தலுக்கே போதுமா,
எனக்குத் தெரியாது. நான் விவசாயி இல்லை.
கீழே மாமாங்கம் வெள்ளையாய்த் தெரிந்தது.

மூன்றாம் அறையில் யாரோ
நாளை விடிகாலை
ஈரத்தரையில் கால் மாற்றி மாற்றி நின்று
குழாய்க்கடியில் விரலை நீட்டி நீட்டி
என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.